காலத்தை முற்கூட்டி வகுத்தல்: கலைத்தொழிலும் சமூக ஊடக உள்ளடக்கத் திட்டமும்

கலைப்பொருளை ஆக்குவோர் அதனை விற்றே வாழவேண்டியிருக்கும் சமுதாயத்தில், ஆக்கும் உழைப்போடு அறிவிக்கும் உழைப்பும் சேர்ந்தே வருகிறது. முன்னர் இவ்வறிவிப்பு வேலையைக் கடைக்காரர், தரகர், பதிப்பாளர், கண்காட்சி நடத்துவோர் ஆகியோர் தத்தம் இலாபத்தின் பொருட்டுச் செய்து வந்தனர். இன்று அது பெரும்பாலும் ஆக்குவோர் தலைமீதே வந்து விழுந்துள்ளது. முகநூலும் இன்ஸ்ரகிராமும் யூரியூப்பும் சிறு உற்பத்தியாளர் ஒவ்வொருவரையும் ஏக காலத்தில் கைவினைஞராகவும் நிழற்படக்காரராகவும் விளம்பர எழுத்தாளராகவும் ஆக்கியுள்ளன.

இவ்வேலையை நாளுக்கு நாள் தோன்றியவாறு செய்யாது, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ முற்கூட்டி வகுத்துக்கொள்ளும் முறை பரவி வருகிறது. எந்நாளில் எப்படத்தை இடுவது, அதனடியில் யாது எழுதுவது, எப்பொருளின் விற்பனையை எப்பொழுது தொடங்குவது என்பனவற்றை ஓர் அட்டவணையில் நிரப்பி, பதிவுகளை ஆயத்தஞ் செய்து, அவை தாமாகவே வெளியாகுமாறு நேரங்குறித்து வைத்துவிடுவதே அம்முறை. வணிகக் கையேடுகள் இதனைச் சிக்கனம் என்றும் திறமை என்றும் மட்டுமே விளக்குகின்றன. ஆனால் இதனை உற்பத்தி உறவுகளின் பின்னணியில் வைத்து நோக்கும்போதே இதன் பயனும் ஆபத்தும் ஒருங்கே புலனாகும். எவருடைய காலத்தை அளவுகோலாகக் கொண்டு இத்திட்டம் வகுக்கப்படுகின்றது என்பதே இங்கு தலையாய வினாவாகும்.

'உள்ளடக்கம்' என்ற சொல்லையே முதலில் கவனித்தல் வேண்டும். சேலையின் படம், கவிதை, சமையற் குறிப்பு, மரண அறிவித்தல் யாவும் இச்சொல்லின் முன் ஒரே தரத்தனவாகின்றன. உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள இயங்கியல் தொடர்பைப் பற்றி நெடுங்காலம் வாதிட்டு வந்த இலக்கிய விமர்சகருக்கு இது விசித்திரமான சொற்பிரயோகமாகவே படும். இங்கே உள்ளடக்கம் என்பது ஒரு கொள்கலத்தை நிரப்பும் பொருள் மட்டுமே. கொள்கலம் வேறொருவருக்குச் சொந்தமானது. பண்டங்களின் தனித்தன்மைகள் பரிவர்த்தனைப் பெறுமதியின் முன் மறைந்துபோவதை மார்க்ஸ் விளக்கியதை அறிந்தோர்க்கு, இச்சொல் எங்ஙனம் பிறந்தது என்பது புரியும்.

கலை உழைப்பை முற்கூட்டி வகுத்தல் இணையத்தோடு பிறந்த ஒன்றன்று. இலக்கிய மாணவர் இதில் தலையிடுவதற்கு நியாயம் இதுவே. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவல், குறித்த தவணையில் குறித்த அளவு வெளிவரவேண்டிய பண்டமாக இருந்தது. சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836 ஏப்பிரலில் மாதப் பகுதிகளாக வெளிவரத் தொடங்கியது. ஒரு பகுதியின் விலை ஒரு சிலிங். மூன்றாம் பகுதியிலிருந்து 32 பக்கமும் 2 சித்திரமும் என்ற அளவு நிலைபெற்றது. அக்காலத்தில் டிக்கன்ஸ் பெரும்பாலும் அந்தந்த மாதத்துக்குரியதை அந்தந்த மாதத்திலேயே எழுதி ஒப்புவித்தார். பத்தாண்டுகளின் பின் 'டொம்பியும் மகனும்' (1846-48) எழுதத் தொடங்கியபோது அவரது முறை மாறிவிட்டது. ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளை எடுத்து இரண்டாகப் பிரித்து, இடப்புறத்தில் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளும் வினாக்களையும் நினைவுக் குறிப்புகளையும், வலப்புறத்தில் அத்தியாய ஒழுங்கையும் எழுதிக்கொள்வார். இப்பாத்திரத்தை இம்மாதம் கொணர்வதா, பிற்படுத்துவதா என்ற வினாவுக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ 'இன்னும் இல்லை' என்றோ பின்னர் விடை குறித்துக்கொள்வதும் உண்டு. இத்தாள்களுட் பல இன்று இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலுள்ள போர்ஸ்ரர் சேர்க்கையில் உள்ளன.

இவற்றை எழுத்தாளனின் படைப்பு இரகசியமாக மட்டும் வாசிப்பது போதாது. சந்தையின் தவணை ஒருபுறமும் கதையின் வளர்ச்சி ஒருபுறமும் இழுக்க, இரண்டுக்குமிடையில் தன் வேலையை ஆளமுயன்ற ஓர் உழைப்பாளியின் ஆவணங்கள் அவை. 'கடின காலங்கள்' 1854இல் வாரத் தொடராக வந்தபோது, மாதப் பகுதிக்குப் பழகிய கை வார அளவின் சிறுமையால் இடர்ப்பட்டது. வார அளவு எத்தனை கையெழுத்துப் பக்கமாகும் என்று கணக்கிட்டே அவர் அந்நாவலுக்குத் திட்டம் வகுத்தார். தவணையின் நீளம் நாவலின் எலும்புக்கூட்டையே மாற்றுகின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அன்ரனி திறொலப் இன்னொரு வகை. தபாற் பகுதியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதிய அவர், நாவல் தோறும் நாட்குறிப்பு வைத்து, நாளுக்கு எத்தனை பக்கம் என்பதைப் பதிந்து வந்தார். கைக்கடிகாரத்தை முன்வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியதாக அவரே தமது சுயசரிதையிற் கூறினார். அவர் இறந்த பின் 1883இல் அந்நூல் வெளிவந்தபோது, கலை அருட்டுணர்வாற் பிறப்பது என்று நம்பியிருந்தோர் முகஞ்சுளித்தனர். அவர்கள் வெறுத்தது திறொலப்பின் கணக்கையா, அன்றி அக்கணக்கை அவர் வெளியே சொன்னதையா என்பது வேறு விடயம்.

நமது விமர்சன மரபுக்கு இத்தகைய நோக்கு அந்நியமானதன்று. தமிழ் நாவலை அதன் சமூகப் பின்னணியில் வைத்து ஆராய்ந்த 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்ற நூலின் ஆசிரியர் க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை 'தினகரன்' ஆசிரியராகவும் இருந்தவர். நாள்தோறும் பக்கங்களை நிரப்பவேண்டிய நிர்ப்பந்தம் எழுத்தை என்ன செய்கிறது என்பதை அப்பணியிலிருந்தோர் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிக்கன்ஸின் நிலைக்கும் இன்றைய கைவினைஞரின் நிலைக்கும் அடிப்படையான வேற்றுமை ஒன்றுண்டு. டிக்கன்ஸுக்குப் பதிப்பாளருடன் ஒப்பந்தம் இருந்தது. அளவு, விலை, திகதி, பங்கு ஆகியன எழுத்தில் இருந்தன. அவற்றைப் பற்றி அவர் சண்டையிட்டார், சில வேளைகளில் வென்றார். சமூக ஊடகத் தளத்துடன் கைவினைஞர் செய்துகொள்ளும் உடன்பாட்டில் வாரத்துக்கு எத்தனை பதிவு என்ற நிபந்தனை எதுவும் இல்லை. நிபந்தனை இல்லாமையே இங்கு நிபந்தனையாகத் தொழிற்படுகின்றது. எவ்வளவு இட்டாற் போதும் என்பதை எவரும் கூறாதபடியால் எவ்வளவும் போதாததாகிறது.

தளத்தின் பொருளாதாரத்தை நோக்குமிடத்து இது விளங்கும். முகநூல், இன்ஸ்ரகிராம் இரண்டையும் உடைமையாகக் கொண்ட மெற்றா கொம்பனியின் 2023ஆம் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 13,490 கோடி அமெரிக்க டொலர். இதில் 13,190 கோடி வரை விளம்பரத்தால் வந்தது. அக்கொம்பனி விற்பது பார்வையாளரின் கவனத்தையே. வானொலியும் தொலைக்காட்சியும் பார்வையாளரையே பண்டமாக்கி விளம்பரகாரருக்கு விற்கின்றன என்று கனேடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் 1977இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். அதற்கு மூன்றாண்டு முன்னதாக, 1974இல், றேமண்ட் வில்லியம்ஸ் தொலைக்காட்சி பற்றிய நூலில், தனித்தனி நிகழ்ச்சிகளைக் காட்டிலும் இடைவிடாது திட்டமிட்டு ஓடவிடப்படும் ஓட்டமே அவ்வூடகத்தின் சிறப்பியல்பு என்றார். ஆனால் தொலைக்காட்சி நிலையம் அவ்வோட்டத்தை நிரப்புவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தது. சமூக ஊடகமோ ஓட்டத்தை நிரப்பும் வேலையை, அதனூடே தமது பொருளை விற்க விரும்பும் கோடிக்கணக்கான சிறு உற்பத்தியாளரிடமே விட்டுவிட்டது. அவர்களுட் பலர் தாம் இட்ட பதிவு கண்ணிற்படுவதற்காகத் தளத்துக்கே பணமும் கட்டுகின்றனர். ஆலைக்கு மூலப்பொருளை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அது வாயிலைத் தாண்டுவதற்குச் சுங்கமும் கொடுப்பது போன்றது இது.

2016 மார்ச்சில் இன்ஸ்ரகிராம், பதிவுகளைக் கால வரிசையிற் காட்டுவதைக் கைவிட்டு, பார்ப்பவரின் ஈடுபாட்டைக் கணித்து வரிசைப்படுத்தும் முறைக்கு மாறப்போவதாக அறிவித்தது. அல்கோரிதம் என்று இன்று பேச்சுவழக்கிற் சொல்லப்படும் இக்கணிப்பு விதிகள் முழுமையாக வெளியிடப்படுவதில்லை; அடிக்கடி மாறுவன. துண்டு வீதக் கூலியைப் பற்றி 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) மார்க்ஸ் கூறுவன இங்கு நினைவுகொள்ளத்தக்கன. துண்டுக் கூலி முறையில் மேற்பார்வையாளன் பெருமளவு தேவையற்றவனாகிறான். உழைப்பாளி தானே தன்னை விரட்டிக்கொள்கிறான். சமூக ஊடகத்தில் துண்டின் விலைகூட முற்கூட்டித் தெரியாது. ஒரு பதிவை இருபதுபேர் பார்க்கலாம், இருபதினாயிரம்பேர் பார்க்கலாம். கங்காணியும் இல்லை, கூலிச்சீட்டும் இல்லை. ஓட்டம் மட்டும் நிற்பதில்லை.

இந்நிலையிலேயே முற்கூட்டி வகுக்கும் கருவிகள் தோன்றின. கனடாவில் 2008இல் கூற்சூற் என்பதும், இங்கிலாந்தில் 2010இல் பவர் என்பதும் தொடங்கப்பட்டன. பதிவுகளை வரிசையில் வைத்துக் குறித்த நேரத்தில் வெளிவிடுவதே பவரின் முதற் பணியாக இருந்தது. 2022 நவம்பரில் இன்ஸ்ரகிராமே தொழில்முறைக் கணக்குகளுக்கு 75 நாள் வரை முன்னதாக நேரங்குறித்து வைக்கும் வசதியை அளித்தது. தளம் இதனை அளித்தது கருணையினாலன்று. கைவினைஞர் உறங்கும்போதும் ஓட்டம் நிரம்பவேண்டும். ஆயினும் ஆலை முதலாளி தன் தேவைக்கு மாட்டிய கடிகாரத்தைத் தொழிலாளர் பின்னர் பத்து மணி நேர வேலைநாளுக்கான போராட்டத்துக்கு ஆயுதமாக்கினர் என்பதை ஈ. பி. தொம்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரை நமக்கு உணர்த்தியது. அக்கட்டுரை இரு வகைக் காலங்களை வேறுபடுத்துகின்றது: வேலையின் இயல்பே வேகத்தைத் தீர்மானிக்கும் காலம் ஒன்று, கடிகாரம் வேலையை ஆளும் காலம் மற்றொன்று. கைவினைஞர் வகுக்கும் உள்ளடக்கத் திட்டமும் இவ்விரண்டில் ஒன்றைச் சார்ந்தே அமையும்.

இதனை ஒரு தொழிலைக் கொண்டு விளக்கலாம். பற்றிக் துணித்தொழிலை எடுத்துக்கொள்வோம். யாவாவிலிருந்து ஒல்லாந்தர் வழியே இலங்கைக்கு வந்ததாகக் கூறப்படும் இக்கலை, 1960களில் மாத்தளை அலுவிகாரையைச் சேர்ந்த ஈனா த சில்வா போன்றோரின் முயற்சியாற் புத்துயிர் பெற்றது. ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் முன்மண்டபக் கூரையை அவரது பற்றிக் துணிகள் அலங்கரித்தன. உல்லாசப் பயணத்துறையோடு இத்தொழில் பிணைந்து வளர்ந்தமையால், 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புகளும் 2020இன் நோய்ப்பரவலும் பாதையோரக் காட்சியறைகளின் வியாபாரத்தைப் படுக்கவைத்தன. எஞ்சியோர் கைத்தொலைபேசியை நாடினர். 2020 ஓகஸ்டில் பற்றிக், கைத்தறி ஆகியவற்றுக்கென இராஜாங்க அமைச்சு ஒன்றும் அமைக்கப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, இறக்குமதிச் சாயத்தையும் மெழுகையும் நம்பிய பட்டறைகள் மறுபடியும் அடிவாங்கின.

பற்றிக் வேலையின் காலம் துணியின் காலமாகும். வெண்மையாக நிற்கவேண்டிய இடங்களை உருகிய மெழுகால் மூடி, இளநிறச் சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, அந்நிறம் நிலைக்கவேண்டிய இடங்களை மீண்டும் மெழுகால் மூடி, அடுத்த கருநிறத்துக்குச் செல்லவேண்டும். சாயம் குளிர்ந்ததாக இருத்தல் அவசியம். சூடானால் மெழுகு உருகிவிடும். பரபின் மெழுகு எளிதில் வெடித்து நுண்கோடுகளை உண்டாக்கும், தேன்மெழுகு நெகிழ்ந்து நிற்கும். இரண்டின் விகிதமே துணியின் முகத்தைத் தீர்மானிக்கின்றது. ஈற்றில் கொதிநீரில் இட்டு மெழுகை அகற்றவேண்டும். மழைநாளில் உலர்த்தல் நீளும். நிறம் ஒன்று கூடினால் வேலைச் சுற்று ஒன்று கூடும். இதிலே 'நாளொன்றுக்கு ஒரு பதிவு' என்ற கணக்குக்கு இடம் எங்கே?

வழமையாக நடப்பது யாதெனில், பட்டறை நடத்துபவர் ஒவ்வொரு மாலையும் 'இன்று என்ன போடுவது' என்ற வினாவோடு கைத்தொலைபேசியைத் தூக்குகிறார். படமெடுத்து, வசனம் எழுதி, இட்டு, பார்த்துக்கொண்டிருக்க ஒன்றரை மணி நேரம் என்று வைப்போம். வாரத்தில் ஐந்து பதிவென்றால் ஏழரை மணி நேரம். முழு வேலைநாள் ஒன்று ஏறத்தாழக் கரைந்துவிடுகிறது. அந்நாளுக்குக் கூலி இல்லை. அதற்கும் மேலாக, எளிதிற் படமாகும் சிறு பொருள்களைச் செய்யும் நாட்டம் மெல்ல மெல்ல உட்புகுகின்றது. பல நாள் எடுக்கும் சேலையைவிட, ஒரே நாளில் முடியும் கைக்குட்டை 'உள்ளடக்கத்துக்கு' நல்லது. தவணை நாவலின் எலும்புக்கூட்டை மாற்றியதுபோல் இங்கும் தளத்தின் தவணை துணியின் அளவையே மாற்றத் தலைப்படுகின்றது. எனது கருத்தில், அடிக்கடி பேசப்படும் 'கவனச் சிதறல்' என்பதைவிட இதுவே பாரதூரமான கேடு.

இதற்கு மறுதலையான திட்டம், விற்பனை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கும். ஏப்பிரல் 13, 14 புத்தாண்டுக்கு உடுக்கவேண்டிய சேலை ஏப்பிரல் முதல் வாரத்தில் வாங்குவோர் கையை அடையவேண்டும். ஆகவே மார்ச் நடுப்பகுதியில் முன்பதிவை முடித்துக்கொள்ளவேண்டும். பெப்ரவரி இறுதியில் அதனைத் தொடங்கவேண்டும். எனில் மெழுகு சனவரியிலேயே கொதிக்கவேண்டும். இவ்வொழுங்கை முதலில் தாளில் இட்டபின்னரே, எந்நாளில் என்ன வெளியிடுவது என்ற நிரலுக்குச் செல்லவேண்டும். அட்டவணையின் முதல் நிரல் வேலைக் கட்டமாகவும், அடுத்தது அக்கட்டத்தில் படமாகக்கூடியது எது என்பதாகவும், கடைசி நிரல் மட்டுமே வெளியிடும் நாளாகவும் இருக்கட்டும். பெரும்பாலான ஆயத்த அட்டவணைகள் இதற்கு நேர்மாறாக, வெற்று நாள்களைக் காட்டி நிரப்பச் சொல்கின்றன.

சனவரியில் மெழுகிடும்போது எடுத்த இரண்டு நிமிடக் காட்சி சனவரியிலேயே வெளிவரவேண்டும் என்பதில்லை. அறுவடையைப் பத்தாயத்தில் இடுவதுபோல் அதனைச் சேர்த்துவைத்து, விற்பனை தொடங்கும் வாரத்தில் எடுக்கலாம். ஒரே சேலையின் வரைதல், முதல் மெழுகு, முதற் சாயம், கொதிநீர், உடுத்த தோற்றம் என்பன ஐந்து பதிவுகள். கைவினைஞர் புதிதாக எதுவும் செய்யவேண்டியதில்லை. செய்வதைச் செய்யும்போதே பதிந்துகொண்டாற் போதும். வசனங்களை இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரே அமர்வில் எழுதிவிடலாம். சாயத் தொட்டியருகில் ஈரக் கையோடு நின்று வசனம் யோசிப்பதிலும் பார்க்க, மேசையில் இருந்து பத்து வசனம் எழுதுவது எளிது.

அவ்வசனங்களில் என்ன இருக்கவேண்டும் என்பதைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை: துணி எது, நீள அகலம் எவ்வளவு, எப்படித் துவைப்பது, விலை என்ன. விலையை மறைத்து 'உட்பெட்டியில் கேளுங்கள்' என்று எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடையெழுதும் வேலையைக் கைவினைஞர் தாமே வரவழைத்துக்கொள்ளும் வழி அது. மொழி பற்றிய ஒன்றையும் இவ்விடத்துக் கூறவேண்டும். அவசரத்தில் இடப்படும் பதிவு ஆங்கிலத்தில் மட்டும் வருகிறது. சற்று நேரம் இருந்தால் சிங்களம் சேர்கிறது. தமிழ் கடைசியாக நினைக்கப்பட்டு முதலாவதாக விடப்படுகிறது. இதனை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது; நேரமின்மை எந்த மொழியின்மேல் விழுகிறது என்பது அதிகார உறவினாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. இரு வாரம் முன்னதாக எழுதப்படும் வசனத்தை மூன்று மொழியிலும் ஆக்குவதற்கு நேரமுண்டு. திட்டமிடலின் நன்மைகளுள் கையேடுகள் ஒருபோதும் குறிப்பிடாத நன்மை இது.

படங்களின் மூலப்பிரதிகளையும் வாடிக்கையாளர் விபரத்தையும் தளத்துக்கு வெளியே, சொந்தக் குறிப்பேட்டிலோ கணினியிலோ வைத்திருத்தல் அவசியம். 2021 ஒக்ரோபர் 4ஆம் நாள் முகநூலும் இன்ஸ்ரகிராமும் வட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் செயலிழந்தன. இந்நாட்டிலோ கொம்பனியின் கோளாறுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. 2018 மார்ச்சில் கண்டி வன்செயல்களின்போதும், 2019 ஏப்பிரலிலும், 2022 ஏப்பிரல் 3ஆம் நாளும் அரசே சமூக ஊடகங்களை முடக்கியது.

இங்கே திட்டமிடலின் மிகக் கடுமையான வரம்பு வெளிப்படுகின்றது. நேரங்குறித்து வைக்கப்பட்ட பதிவு, அந்நேரத்தில் உலகில் என்ன நடக்கின்றது என்பதை அறியாது. படுகொலை நடந்த நாளில் தள்ளுபடி விற்பனை அறிவித்தல் புன்சிரிப்போடு வெளிவரலாம். 1837 மே மாதத்தில் தம் மனைவியின் தங்கை மேரி ஹோகாத் பதினேழு வயதில் திடீரென இறந்தபோது டிக்கன்ஸ் எழுதுகோலைக் கீழே வைத்தார்; அவ்வாண்டு யூன் மாதத்துக்குரிய 'பிக்விக்' பகுதியும் 'ஒலிவர் ருவிஸ்ற்' பகுதியும் வெளிவரவில்லை. எழுதும் கை நின்றதும் தவணையும் நின்றது. இன்று கை நின்றபின்னும் தவணை நடக்கும். ஆகவே திட்டம் வகுக்கும் போதே அதனை நிறுத்தும் உரிமை எவரிடம் உள்ளது, அவர் இல்லாதவிடத்து எவர் நிறுத்துவார் என்பதைத் தீர்மானித்து, கணக்குக்குள் நுழையும் வழியை இருவராவது அறிந்திருக்கச் செய்தல் வேண்டும். வகுக்கும் நாள்களில் மூன்றிலொரு பங்கையாவது வெறுமையாக விடுவதும் நன்று. எதிர்பாராது நன்றாக வந்த துணிக்கும் எதிர்பாராது வந்த துயருக்கும் அவ்விடம் வேண்டும்.

எதிர்பார்க்கக்கூடிய துயர்களும் உண்டு. ஆயத்த அட்டவணைகள் பண்டிகைகளை மட்டுமே அறியும். மே மாதத்தில் வெசாக் விற்பனையும் வருகிறது. மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலில் இறந்தோரை நினைவுகூரும் நாளும் வருகிறது. 2019இல் வெசாக் பூரணை அந்நாளிலேயே வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் வாங்குவோரைக் கொண்ட பட்டறை, அவ்வாரத்தில் ஒளிக்கூடுகளின் படத்தோடு எல்லோருக்கும் மகிழ்ச்சி தெரிவிக்கும் பதிவை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு இருக்கமுடியாது. நாட்காட்டி நடுநிலையான கருவி என்று எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். எந்நாள் விழா, எந்நாள் வெறுமை என்பது ஒரு சமுதாயத்தின் வரலாற்றால் எழுதப்படுவது. தளம் தரும் நாட்காட்டியில் அவ்வரலாறு இல்லை.

இதுவரை கைவினைஞர் என்ற சொல்லை, தாமே ஆக்கித் தாமே விற்கும் ஒருவரைக் குறிப்பது போலப் பயன்படுத்தினோம். பற்றிக் பட்டறைகள் பலவற்றில் நிலைமை அவ்வாறில்லை. வடிவம் வரைபவர் ஒருவர், மெழுகிடுபவர் வேறொருவர், சாயத் தொட்டியிலும் கொதிநீர்ப் பாத்திரத்திலும் நிற்பவர் இன்னுஞ் சிலர். இவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். துணிக்கு இவ்வளவு என்ற கூலியில் வேலை செய்வோர் பலர். பட்டறையின் பதிவுகளில் அதிகம் விரும்பப்படுவன இவர்களது கைகளே. மெழுகு ஒழுகாமல் கோடு இழுக்கும் விரல், நீலச் சாயத்திலிருந்து துணியை உயர்த்தும் மணிக்கட்டு, இவையே 'கைவேலை' என்பதற்கு அத்தாட்சி. முகம் பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே நிற்கும். பெயர் இருக்காது. உழைப்பு ஒருமுறை துணியில் விற்கப்படுகிறது; அதன் தோற்றம் மறுமுறை காட்சியாகி விற்பனையை வளர்க்கிறது. இரண்டாவதற்குக் கூலி இல்லை.

தங்கள் இயல்பின் வெளிப்பாடாக ஆக்குவோருக்கும், மூலதனத்தின் கட்டளைப்படி ஆக்குவோருக்கும் உள்ள வேறுபாட்டை மார்க்ஸ், மில்ற்றனையும் லைப்சிக் நகரத்துக் கூலி எழுத்தாளனையும் எதிரெதிர் நிறுத்தி விளக்கினார். இன்றைய பட்டறைப் பதிவுகளின் அழகியல், கூலிக்கு மெழுகிடும் பெண்ணை மில்ற்றனின் வேடத்தில் காட்டுகின்றது. அமைதியான இசை, மெதுவான அசைவு, கலையில் மூழ்கிய கைகள். மெழுகுப் புகையும், சிலவகைச் சாயங்களைக் கரைக்கச் சேர்க்கும் எரிசோடாவும், கையுறை உண்டா இல்லையா என்பதும் அதில் இடம்பெறுவதில்லை.

திட்டமிட்டுப் பதிதல் பரவப் பரவ இவ்விடயம் கூர்மையடையும். முன்பு பட்டறை நடத்துபவர் எப்போதாவது படமெடுத்தார். இப்போது அட்டவணையில் 'படமெடுப்பவர்' என்ற நிரல் வந்துவிட்டது. அந்நிரலில், நல்ல கைத்தொலைபேசி வைத்திருக்கும் இளந்தொழிலாளி ஒருத்தியின் பெயர் எழுதப்படுகிறது. வெளிச்சம் சரியாக விழும்வரை துணியைத் தூக்கிப் பிடிக்கவும், அதே கோட்டை மீண்டும் இழுத்துக் காட்டவும் மற்றவர்கள் நிறுத்தப்படுகின்றனர். துணிக்கணக்கில் கூலி பெறுவோருக்கு இந்த அரைமணி நேரங்கள் அனைத்தும் வெட்டப்பட்ட கூலியாகும். ஆகவே உள்ளடக்க அட்டவணை தொங்கும் சுவரிலேயே கூலிப் புத்தகமும் தொங்கவேண்டும். படமெடுப்பதற்கும் படமாவதற்கும் செலவாகும் நேரம் மணிக்கணக்கில் பதியப்பட்டுக் கூலியோடு சேர்க்கப்படவேண்டும். எந்தப் பதிவில் எவர் தோன்றுவது என்பது அவரிடம் கேட்டே தீர்மானிக்கப்படவேண்டும்; அவர் விரும்பின் பெயரும் இடப்படவேண்டும். விரும்பாதவரின் கைகளையும் விட்டுவிடவேண்டும். கைகளுக்கும் அடையாளம் உண்டு என்பதைச் சாயப் பட்டறையில் வேலை செய்தோர் அறிவர்: நகக்கண்ணில் ஏறிய நீலம் எளிதிற் போவதில்லை.